ஐசெர்ட்: கிளம்பிய வண்டி 56 நாளிலேயே நின்ற கதை

பாங்கி மாணவன்:
வணக்கம் எல்லாருக்கும். அனைத்துலக உறவுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இனப் பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான ஐ.நா. ஒப்பந்தம், நம் ஊரில் எல்லாரும் ஐசெர்ட் என்கிறார்களே, அதை மலேசியா ஏன் இன்னும் ஏற்கவில்லை என்பதுதான் தலைப்பு. 2018-ல் நான் ஆறாம் ஆண்டு முடித்திருந்தேன். டிசம்பர் விடுமுறையில் டிவியில் வெள்ளைச் சட்டைக் கூட்டம் ஒன்றைக் காட்டியதும், அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனதும் மட்டும்தான் ஞாபகம்.

கட்டுரையில் எனக்குக் கூட்டாளி கிளந்தானிலிருந்து வந்த ஒரு பெண். அவள் அம்மா அந்தக் கூட்டத்துக்குப் பேருந்தில் வந்தவராம். "ஐசெர்ட் வந்திருந்தால், மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைக் காக்கும் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு போயிருக்கும், சுல்தான்கள் போயிருப்பார்கள்" என்றுதான் அவர்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. சண்டைக்காக அவள் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறாள். எங்கள் வீட்டில் நேர்மாறு. "வந்திருந்தால் உனக்கு மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்திருக்கும்" என்கிறார் அப்பா. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பைச் சொல்கிறார். நேற்று ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். மொத்தம் 25 பிரிவுகள். சுல்தானும் இல்லை, மெட்ரிகுலேஷனும் இல்லை. யார் சொல்வது சரி?

லுனாஸ் வாத்தியார்:
தம்பி, முதலில் நாள்களை வரிசையாகப் பிடித்துக்கொள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2018 மே 9 பொதுத்தேர்தல், ஆட்சி மாறியது. செப்டம்பர் 28 அன்று பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச்சபையில் பேசும்போது, மனித உரிமை தொடர்பான முக்கிய ஒப்பந்தங்களில் மலேசியா இன்னும் சேராதவை எல்லாவற்றிலும் சேரும் என்று வாக்குக் கொடுத்தார். அது சின்ன வாக்கு இல்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் மொத்தம் ஒன்பது. நாம் சேர்ந்திருந்தவை மூன்றே மூன்று: பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள். மீதி ஆறையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அக்டோபரில், ஒற்றுமைத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் வேதமூர்த்தி, அடுத்த ஆண்டின் முதல் காலாண்டுக்குள் ஐசெர்ட் என்று காலக்கெடுவும் சொன்னார். நவம்பர் 23 அன்று பிரதமர் அலுவலகத்திலிருந்து ஒரு சின்ன அறிக்கை: அரசாங்கம் ஐசெர்ட்டை ஏற்காது, கூட்டரசு அரசியலமைப்பைத் தற்காக்கும்.

செப்டம்பர் 28-க்கும் நவம்பர் 23-க்கும் இடையில் 56 நாள். என் வீட்டுப் பின்னால் பயிற்றங்காய்க் கொடி நட்டுக் காய் பறிக்க அவ்வளவு நாள் ஆகும்.

அந்த வெள்ளைச் சட்டைக் கூட்டம் டிசம்பர் 8. அதாவது அரசாங்கம் பின்வாங்கிப் பதினைந்து நாள் கழித்து! எதிர்ப்புக் கூட்டம் என்று அறிவித்ததை நன்றி சொல்லும் கூட்டமாக மாற்றி மெர்டேக்கா சதுக்கத்தில் நடத்தினார்கள். 55,000 பேர் என்றது போலீஸ். எதிர்க்கட்சிகளான அம்னோவும் பாஸும் பல ஆண்டுப் பகைக்குப் பிறகு ஒரே மேடையில் தோள் உரசி நின்றன. அன்று ஜெயித்தது ஒப்பந்தத்துக்கு எதிரான வாதம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

தெலுக் இந்தான் மணி:
வாத்தியார் நாசூக்காகச் சொல்கிறார். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். தேர்தலில் தோற்றவர்களுக்குக் கையில் ஒரு பொருள் வேண்டியிருந்தது, இவர்கள் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் லா.

ஈப்போ வக்கீல்:
"யார் சொல்வது சரி" என்று கேட்டாய். உன் கூட்டாளியின் அம்மா சொல்வதில் கால் பங்கு விஷயம் இருக்கிறது, உன் அப்பா சொல்வதில் அரைக்கால் பங்கு. கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்.

முதலில் 153. அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், படிப்பவர்கள் குறைவு. மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையையும் "மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும்" காப்பது மாமன்னரின் பொறுப்பு என்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. சரி, இதை ஒரு ஒப்பந்தம் அழித்துவிட முடியுமா? முடியாது. நம் நாட்டில் அனைத்துலக ஒப்பந்தம் தானாகச் சட்டம் ஆகாது. அமைச்சரவை ஏற்கலாம், ஆனால் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டால்தான் நீதிமன்றத்தில் செல்லும். பெண்கள் ஒப்பந்தத்தை 1995-லேயே ஏற்றோம். 2011-ல் ஒரு கர்ப்பிணி ஆசிரியையின் வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2014-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டம் இல்லாமல் அதற்கு வலு இல்லை என்றது. ஏற்று இருபது வருடம் ஆகும் நிலையிலும் அதுதான் கதை.

அடுத்து, 153-ஐத் திருத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 222-ல் 148. ஆளும் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானிடம் இருந்தது 113, சபாவின் வாரிசானைச் சேர்த்தால் 121. அது போதாதென்று 159-ஆவது பிரிவின்படி ஆட்சியாளர்கள் மாநாட்டின் ஒப்புதலும் வேண்டும். சுல்தான்களின் சம்மதம் இல்லாமல் சுல்தான்களை ஒழிப்பது எப்படி என்று அந்த அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொல்.

இஸ்லாத்துக்கு ஆபத்து என்று பேசியதும் அப்படித்தான். ஒப்பந்தத்தின் முதல் பிரிவு இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத் தோற்றம் பற்றிப் பேசுகிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. சவூதி, பாகிஸ்தான், இந்தோனேசியா, எகிப்து எல்லாம் உறுப்பு நாடுகள்.

இப்போது அந்தக் கால் பங்கு. இதை நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பின்தங்கிய இனத்தை மேலே கொண்டுவரச் சிறப்பு ஏற்பாடு செய்தால் அது பாகுபாடு ஆகாது என்று ஒப்பந்தத்தின் 1(4) சொல்கிறது. இதோடு நிறுத்திவிட்டு, "பாருங்கள், நம் ஒதுக்கீட்டுக்கும் இடம் இருக்கிறது" என்று அன்று பலர் பேசினார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. அந்த ஏற்பாடு வெவ்வேறு இனத்துக்கு வெவ்வேறு உரிமை என்று நிலைத்துவிடக் கூடாது, நோக்கம் நிறைவேறியதும் நிறுத்திவிட வேண்டும் என்கிறது மீதிப் பாதி. 153-ல் காலவரையறை கிடையாது. அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் 15 ஆண்டில் மறுஆய்வு செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. 1957-ல் இறுதி வடிவம் வந்தபோது அந்த வரி இல்லை. அதனால் உரசல் இல்லவே இல்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. எதிர்த்தவர்களில் படித்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அமைச்சர்கள் மேடையில் இதற்குப் பதில் சொல்லாமல் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். பயந்தவனிடம் பயப்படாதே என்றால் கேட்பானா?

கிள்ளான் அக்கா:
153, 159 எல்லாம் படித்தவர்கள் பேசுங்கள். நான் ஒன்று கேட்கிறேன்.

போன மாதம் மகளுக்குக் கோலாலம்பூரில் அறை தேடினோம். தாதியாக வேலை, ஷிப்டு முடிந்து வரும்போது நேரமாகிவிடும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டும். விளம்பரத்தில் படம் நன்றாக இருந்தது. வாட்ஸ்அப் போட்டாள். ஏஜெண்டு உடனே பதில்: எத்தனை பேர், எப்போது வருகிறீர்கள், சமையல் உண்டா? எல்லாம் பேசி முடித்து, நாளை பார்க்க வரலாம் என்று சொன்னபிறகு, கடைசியாக ஒரு வரி. "என்ன ரேஸ்?" இவள் இந்தியன் என்று அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. அரை மணி நேரம் கழித்து, "மன்னிக்கவும், அறை போய்விட்டது." அவள் வார்டில் வேலை செய்யும் சீனப் பிள்ளை அதே எண்ணுக்கு அன்று சாயங்காலமே கேட்டிருக்கிறாள். அறை இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம்.

மகள் அழவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இந்த ஐசெர்ட் அதற்கு ஏதாவது செய்திருக்குமா? அதைச் சொல்லுங்கள்.

தெலுக் இந்தான் மணி:
அக்கா, அரசாங்கம் 153-ஐக் காப்பாற்றியது. ஏஜெண்டு அறையைக் காப்பாற்றினான்.

ஈப்போ வக்கீல்:
மணி, சும்மா இரு.

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே பொருளுள்ள கேள்வி உங்களுடையதுதான். நம் அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. இனம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். 2005-ல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒரு தனியார் இன்னொரு தனியாருக்குச் செய்வதை அரசியலமைப்பு தொடாது. உங்கள் ஏஜெண்டு தனியார், வீட்டுக்காரர் தனியார். வழக்குப் போடப் பிடிமானமே இல்லை.

ஐசெர்ட்டில் 2(1)(d) என்று ஒரு வரி. எந்த ஆளோ குழுவோ அமைப்போ செய்யும் இனப் பாகுபாட்டை, தேவைப்பட்டால் சட்டம் போட்டு, அரசு தடுத்து நிறுத்த வேண்டும் என்கிறது. ஐந்தாம் பிரிவில் குடியிருப்பு உரிமை தனியாகவே வருகிறது. உணவகம், விடுதி, போக்குவரத்து மாதிரிப் பொதுமக்களுக்கான இடங்களும் வருகின்றன. ஏற்றிருந்தால் மறுநாளே உங்கள் மகளுக்கு அறை கிடைத்திருக்காது. ஆனால் அப்படி ஒரு சட்டம் எங்கே என்று, ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு நம் அரசாங்கத்தைக் கேட்டிருக்கும், ஒவ்வொரு அறிக்கையிலும் அரசாங்கம் பதில் எழுத வேண்டியிருந்திருக்கும். 2018-ல் எல்லாரும் 153-ஐப் பிடித்துக்கொண்டு தொங்கினார்களே, இதைப் பற்றி எந்த மேடையிலாவது யாராவது பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. வாடகைக்குத் தனிச் சட்டம் வரும் வரும் என்கிறார்கள், பல வருடமாக.

லுனாஸ் வாத்தியார்:
ஒரு குறிப்பு, சுடும்தான். "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்" என்று நம் ஆட்கள் போட்ட வாடகை விளம்பரத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளேயே "சைவம் மட்டும்" என்று ஒன்று. அதன் அர்த்தம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மதுரைக்காரன்:
வெளியூர்க்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வாத்தியார் ஐயா தொட்ட இடம் எங்களுடையது. இந்தியா 1968-லேயே இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. பட்டியலில் "வம்சாவளி" என்ற சொல் இருக்கிறதே, அதை வரைவில் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். பிற்பாடு ஐ.நா. குழு, அப்படியானால் சாதியும் இதில் அடங்கும் என்றதும், இல்லை, நாங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றது இந்திய அரசு. 2002-ல் குழு எழுத்திலேயே போட்டுவிட்டது, வம்சாவளி என்றால் சாதியும் சேர்த்தி என்று. இரண்டு தரப்பும் இன்றுவரை இறங்கி வரவில்லை. ஆகவே கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு சந்தேகம். "ரிசர்வேஷன் போட்டுக் கையெழுத்திடலாம்" என்று சில கட்டுரைகளில் படித்தேன். இட ஒதுக்கீடு கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களா?

ஈப்போ வக்கீல்:
சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது வேறு ரிசர்வேஷன். ஒப்பந்தத்தை ஏற்கும்போதே, "இந்தப் பிரிவு மட்டும் எங்களைக் கட்டாது" என்று எழுதிக் கொடுப்பது. ஃபிஜி அப்படித்தான் பூர்வகுடி நில உரிமையைக் காத்துக்கொண்டு உள்ளே வந்தது. சவூதியும் ஷரியாவுக்கு முரணாகாதவரை என்று எழுதிக் கொடுத்தது. மலேசியாவும் பெண்கள் ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக் கொடுத்து, சிலதைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐசெர்ட்டின் 20-ஆவது பிரிவுப்படி, உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால்தான் அந்த விலக்கு செல்லாது. 153-க்கு இப்படி ஒரு வரி எழுதிக்கொண்டு 2018-ல் உள்ளே போயிருக்கலாம். "153-ஐத் தவிர்த்து ஏற்கிறோம்" என்று முதல் நாளே வரைவை மேசையில் வைத்திருந்தால் எதிர்ப்பு வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கும். ஆனால் எதை எதிர்க்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

தமிழில் என்ன சொல்வது? விலக்குரை என்று வைத்துக்கொள்ளலாமா, வாத்தியாரே?

சிராங்கூன்:
சிங்கப்பூரிலிருந்து. எங்கள் அரசியலமைப்பிலும் 152-ஆவது பிரிவில் மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை இருக்கிறது. மண்ணின் மக்கள் என்றே எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் 2015-ல் கையெழுத்திட்டு, 2017 நவம்பரில் ஏற்பும் கொடுத்தோம். நாளிதழில் ஒரு நாள் வந்தது, மறுநாள் மறந்துவிட்டது. உங்கள் ஊரில் அடுத்த வருடம் அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதைப் பார்த்து எங்களுக்கே ஆச்சரியம்.

அதற்காக இங்கே தேனும் பாலும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். அக்காவின் மகளுக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். ஏற்றதற்குப் பிறகு 2021-ல் ஐ.நா. குழு முன் முதல்முறையாகப் போய் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொன்னார்கள். 2025-ல் வேலையிட நியாயச் சட்டம், இன நல்லிணக்கச் சட்டம் இரண்டும் நிறைவேறின. அந்தக் கேள்விகளால்தான் இவை வந்தன என்று சொல்ல மாட்டேன்.

தெலுக் இந்தான் மணி:
சிங்கப்பூரை இழுக்காதீர்கள். அங்கே எதிர்க்கட்சி மெர்டேக்கா சதுக்கத்தை நிரப்புமா? நம் ஊரில் நவம்பர் 23 அறிக்கை, மூன்றே நாளில், 26-ஆம் தேதி, சீஃபீல்டு மாரியம்மன் கோவில் கலவரம். அது நிலத் தகராறு. ஐசெர்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அங்கே காயம்பட்ட தீயணைப்பு வீரர் டிசம்பர் 17 அன்று இறந்துபோனார், பாவம், கல்யாணம் நிச்சயமான இளைஞர். அந்தத் துக்கமும் ஐசெர்ட் கோபமும் ஒன்றாகக் கலந்து, வேதமூர்த்தி பதவி விலக வேண்டும் என்ற குரல் கிளம்பியது. அந்த மாதம் நான் கடையில் டீ குடிக்கவே யோசித்தேன். எதிர் மேசையில் யார் என்ன பேசுவார்களோ என்று.

மட்டுறுத்துநர்:
கோவில் விவகாரத்தை இதோடு விட்டுவிடலாம். அதன் கீழே வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஏன் என்று எழுதியவர்களுக்கே தெரியும்.

லுனாஸ் வாத்தியார்:
விலக்குரை நல்ல சொல், வக்கீலே. எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, கட்டுரையில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள். ஒன்று, ரோம் சட்டம், அதாவது அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்ற ஒப்பந்தம். 2019 மார்ச் 4 அன்று சேர்ந்தார்கள். மாமன்னரைக் கைது செய்வார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஏப்ரல் 5 அன்று விலகுவதாக அறிவித்தார்கள். ஒரு மாதம்! ஐசெர்ட்டுக்கு 56 நாள், இதற்கு 32 நாள். முதல் அனுபவத்திலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது வேகமாகப் பின்வாங்குவதை மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு, ஒராங் அஸ்லி. தீபகற்பத்தின் ஆதி மக்கள். 153-ல் அவர்கள் பெயரே இல்லை, போய்ப் பார். 8-ஆவது பிரிவில் ஒரு மூலையில் பாதுகாப்பு என்று ஒரு வரி வரும், அவ்வளவே. "மண்ணின் மைந்தர் உரிமை" என்று 55,000 பேர் கத்தியபோது, இந்த மண்ணில் எல்லாருக்கும் முன்னால் இருந்தவர்களைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. நம் கூட்டங்களிலும் வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பூர்வகுடிகளின் நிரந்தர உரிமை வேறு, தற்காலிகச் சிறப்பு ஏற்பாடு வேறு என்று ஐ.நா. குழு 2009-லேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. இங்கே அதைப் பிரித்துப் பேச ஆள் இல்லை.

உன் அப்பாவின் அரைக்கால் பங்கு பற்றி: 2019 ஏப்ரலில் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கு அப்படியே இருந்தது. பிறகு 2024-ல், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் பத்து ஏ எடுத்தவர் எந்த இனமானாலும் இடம் என்றார் பிரதமர் அன்வார். இரண்டுமே அமைச்சரவை முடிவுதான், எந்த ஒப்பந்தத்தையும் தொடவில்லை. அப்பாவிடம் மெதுவாகச் சொல்.

கிள்ளான் அக்கா:
வேலை விஷயத்திலாவது ஏதாவது உண்டா? "மாண்டரின் பேசுபவர் மட்டும்" என்று போடுகிறார்களே, பெட்டி தூக்கும் வேலைக்குக்கூட.

ஈப்போ வக்கீல்:
கொஞ்சம் உண்டு அக்கா. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் என்று ஒரு பிரிவைச் சேர்த்து 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாகுபாடு என்று புகார் வந்தால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. வேலையில் இருப்பவர் புகார் கொடுக்கலாம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விட்டவருக்கு எவ்வளவு உதவும் என்று கேட்டால், நான் ஃபீஸ் வாங்கிக்கொண்டுகூட உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பாங்கி மாணவன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டாளி தன் அம்மாவுக்கு நேற்றுப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான், நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கூட்டத்துக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டாள். சூராவில், அதாவது ஊர்த் தொழுகைக்கூடத்தில், பேருந்து ஏற்பாடு என்று சொன்னார்களாம், பக்கத்து வீட்டு மூன்று பேரோடு கிளம்பினாராம், வழியில் நாசி புங்குஸ் (பொட்டலச் சோறு) கொடுத்தார்களாம், திரும்பி வரும்போது மழையாம். ஒப்பந்தத்தை யாராவது படித்துக் காட்டினார்களா என்றதற்கு, யாரும் காட்டவில்லை என்றார். அவள் 1(4)-ஐ மலாயில் வாசித்தாள், இரண்டு பாதியையும். வக்கீல் அண்ணன் சொன்ன விலக்குரையையும் விளக்கினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை அன்றைக்கே எழுத்தில் கொடுத்திருந்தால் என்ன?" என்று கேட்டார். உடனே அடுத்த பேச்சு, "உன் பக்கத்தில் இருக்கிற பையன் சாப்பிட்டானா?"

தெலுக் இந்தான் மணி:
எழுத்தில் கொடுத்திருந்தாலும் பேருந்து கிளம்பியிருக்கும், தம்பி.

பாங்கி மாணவன்:
இருக்கலாம் அண்ணே. அதையும் எழுதுகிறேன்.

கிள்ளான் அக்கா:
சாப்பிட்டாயா இல்லையா, அதை முதலில் சொல்.

லுனாஸ் வாத்தியார்:
என்றைக்கு ஒப்படைக்க வேண்டும்? விலக்குரை என்ற சொல்லை அடிக்குறிப்பில் விளக்கிவிடு, விரிவுரையாளருக்குப் புரியாமல் போகும்.

பாங்கி மாணவன்:
வெள்ளிக்கிழமை, ஐயா. ஆனால் கட்டுரை மலாயில்தான். அங்கே அதற்கு ரிசர்வாசி என்று போட்டால் போதும்.